ஓடென்ஸுக்குப் போன வாக்கியங்கள்

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஸ்ரீரங்கன் அந்த நோட்டுப் புத்தகத்தை ஆபீஸ் பைக்குள் திணித்தார். அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். டிபன் பாக்ஸ் நேற்றையது, கழுவவில்லை. கழுவுகிறவள் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள்.

வந்தது கீழ்வீட்டு ஷாகிரா. கையில் பெரிய பிளாஸ்கும், அடுக்கிய டம்ளர்களும் இருந்தன. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், வருகிறவர்களுக்கு ஒரு வாய் காபியாவது வேண்டுமே என்று விடியற்காலையிலேயே போட்டு எடுத்து வந்திருந்தாள். பிளாஸ்கை மூலையில் வைத்துவிட்டு ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைப்பதுபோலத் தடவினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முந்தாநாள் கூட மாமி எங்க வீட்ல வந்து உக்காந்தாங்க சார். உங்க வீட்டுக்காரர் கடையிலேர்ந்து வந்தா உன்கிட்ட மொதல்ல என்ன சொல்வார்னு கேட்டாங்க. எதுக்கு மாமின்னா, சும்மா சொல்லேன்னாங்க. எங்க வீட்ல என்னா பேச்சு பெரிசா... நீ உக்காரு, டீ நான் போடுறேன்னு ஷரீஃப் சொல்லும். அதைக் கேட்டுட்டு அப்படி சிரிச்சாங்க."

ஸ்ரீரங்கன் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி பேச்சை விசாரிக்கிற புத்தி இவளுக்கு எப்போது வந்தது? இதுவும் புதுசுதான். கடந்த நாலு மாதமாக இந்த வீட்டில் புதுசுகளுக்குக் குறைவே இல்லை.

அவர் மனைவி வேதவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, தலைவலி என்று ஒருநாள் படுத்தது இல்லை. நேற்று மத்தியானம் கம்ப்யூட்டர் மேஜையில் தலையைச் சாய்த்தவள் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு வந்தவர்களுக்கு ஸ்ரீரங்கன் சொன்னது இவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தையும் அவரிடமிருந்து வரவில்லை. பாவம், அதிர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அதிர்ச்சி உண்மைதான். ஆனால் அவர் கண்கள் ஓயவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொரு ஆணையும் அவை தலை முதல் கால் வரை அளந்துகொண்டிருந்தன.

அளப்பது அவர் உத்தியோகம். மவுண்ட் ரோட்டில் ஒரு அரசாங்கக் கார்ப்பரேஷனில் இருபது வருஷமாக விஜிலன்ஸ் பிரிவில் இருந்தார். யார் எத்தனை மணிக்கு வந்தான், யாரோடு டீ குடித்தான், புது ஸ்கூட்டர் எங்கிருந்து வந்தது என்று ஃபைல் கட்டுவது அவர் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக்கு வந்ததும் அதைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிட முடியுமா? அவர் ஒருநாளும் அப்படிக் கழற்றி மாட்டியதில்லை.

பெண் மதுவந்திக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது தன் கம்ப்யூட்டரை அம்மாவிடமே விட்டுவிட்டுப் போயிருந்தாள். வாரம் ஒரு மெயில் போடம்மா, எழுத்தும் பழகும், பொழுதும் போகும் என்றாள். மெயில் அனுப்ப டெலிபோன் லைனைத்தான் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான். ஜூலை மாதம் ஒருநாள் ஆபீஸிலிருந்து எதற்கோ ஸ்ரீரங்கன் வீட்டுக்குப் போன் செய்தார், எங்கேஜ்டு. மறுநாளும் எங்கேஜ்டு. சாயங்காலம் கேட்டபோது, "மதுவுக்கு மெயில் போட்டுண்டிருந்தேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதுவந்தி பேசியபோது, அம்மா உனக்கு எத்தனை மெயில் போடறா என்று விளையாட்டுப்போலக் கேட்டுவைத்தார். வாரத்துக்கு ஒண்ணுப்பா என்றாள் அவள்.

வாரத்துக்கு ஒன்று. மீதி நாலு நாள்?

இன்னொருவராக இருந்தால் அன்றைக்கே மனைவியிடம் கேட்டிருப்பார். ஆதாரம் கைக்கு வராமல் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டால் ஆள் உஷாராகிவிடும் என்பது அவர் பிரிவின் பாலபாடம். ஆகவே அவர் கேட்கவில்லை. தினமும் இரண்டரை மணிக்கு வீட்டு நம்பரைச் சுழற்றுவார். எங்கேஜ்டு என்றால் பாக்கெட் டைரியில் நேரத்தைக் குறித்துக்கொள்வார். ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஒரு நாள் விடவில்லை. அந்த டைரியை அவர் மேலதிகாரி பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

நேற்றைய பக்கத்திலும் குறித்திருந்தார். 2.30 எங்கேஜ்டு. 3.00 எங்கேஜ்டு. 3.30, 4.00, 4.30. எந்த நாளும் இத்தனை நேரம் நீண்டதில்லை. இன்றைக்கு இரண்டு மணி நேரமா என்று அவருக்குக் காது மடல் சூடேறியது. ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. லஸ்ஸில் இறங்கி நாகேஸ்வர ராவ் பார்க்கில் போய் உட்கார்ந்தார். கொஞ்சம் தவிக்கட்டும், ஜன்னலில் நின்று எட்டி எட்டிப் பார்க்கட்டும் என்று இருட்டும் வரை சிமென்ட் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஏழு மணிக்குத் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வேதவல்லி அதன் முன்னால் மேஜையில் தலை வைத்திருந்தாள், தூங்குகிறாள் என்றே நினைத்தார். அவள் முழங்கைக்குக் கீழே ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. நாலு மாதமாகத் தேடிய ஆதாரம் இதோ இருக்கிறது என்று அதை உருவியெடுத்து, நின்றபடியே திறந்திருந்த பக்கத்தைப் படித்தார். அதைப் படித்ததற்கும் அவள் தோளைத் தொட்டதற்கும் நடுவே ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தோள் சில்லென்று இருந்தது.

எதிர் வரிசை டாக்டர் வந்து பார்த்தார். மூணு மணிக்குள்ளயே ஆகியிருக்கும் சார் என்றார். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல், சர்டிபிகேட் எழுதப் பேனா கேட்டார். ஸ்ரீரங்கன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபோது டைரியும் கூடவே வந்து தரையில் விழுந்தது. மூன்றிலிருந்து நாலரை வரை நாலு முறை அவர் கூப்பிட்டது செத்துப்போனவளை. அதைத் தானே நேரம் போட்டு எழுதிவைத்திருக்கிறார்.

குற்ற உணர்வு அங்கேயே அவரைத் தின்றிருக்க வேண்டும். தின்னவிடாமல் தடுத்தது அந்த நோட்டு.

நோட்டில் இடது பக்கம் முழுக்க ஏதோ வேற்று பாஷை இங்கிலீஷ் எழுத்துகளில் இருந்தது. நடுநடுவே ஓ என்ற எழுத்தைக் குறுக்கே வெட்டிப்போட்டிருந்தது. சில இடத்தில் ஏ தலையில் சின்னதாக ஒரு வட்டம். ரகசியக் குறி என்று முதல் பார்வையிலேயே முடிவுகட்டினார். மேலே கார்ஸ்டன், 13 என்று எழுதியிருந்தது. ஆக ஆள் பெயரும் கிடைத்துவிட்டது. வலது பக்கம் தமிழ், வேதவல்லியின் குண்டு குண்டான கையெழுத்து.

வேதா, நீ சாப்ட்டியா?

வேதா, களைச்சுப் போயிருக்கே. நீ உக்காரு, காபி நான் போடறேன்.

வேதா, இந்தப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு.

வேதா, இன்னிக்குப் பூரா என்ன பண்ணிண்டிருந்தே, சொல்லு.

இப்படிப் பத்து வரி. அவன் அவன் பாஷையில் கொஞ்சியதை இவள் உட்கார்ந்து தமிழில் எழுதிவைத்துப் படித்துப் படித்துப் பார்த்திருக்கிறாள். இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? வேதா என்று அவளைக் கூப்பிட உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் மாமி. மதுவுக்கு அம்மா. ஸ்ரீரங்கன் இருபத்தேழு வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லி ஒருதரம் கூடக் கூப்பிட்டதில்லை. அவர் அப்பாவும் அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை, அந்தக் குடும்பத்தில் அது வழக்கமில்லை. 'இந்தா' என்பார், 'உன்னைத்தான்' என்பார், இரண்டுக்கும் அவள் வந்து நிற்பாள். அப்படி இருக்க எவனோ ஒருத்தன் வேதா, வேதா என்று வரிக்கு வரி கூப்பிட்டிருக்கிறான்.

இன்று காலை ஏழு மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எட்டு மணி சுமாருக்கு ஒருவன் ரோஜா மாலையோடு வந்தான். முப்பது வயதிருக்கும், பேண்ட் பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவர் நீட்டிக்கொண்டிருந்தது. மாலையை ஐஸ் பெட்டிமேல் வைத்துவிட்டு, கைகட்டி நின்று, சொந்தத் தாயைப் பறிகொடுத்தவன்போல அழுதான். ஸ்ரீரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் நீ என்று கேட்டார். தி.நகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற துரைராஜ் என்றான். மூன்று தரம் வீட்டுக்கு வந்திருக்கிறானாம். மூன்று தரமும் ஸ்ரீரங்கன் ஆபீஸில் இருந்த நேரத்தில்.

"இன்னா சார் இது. போன வாரம்தான் மோடம் மாத்திக் குடுத்தேன், நல்லாத்தான கீறாங்கன்னு நெனச்சிக்கினு போனேன்" என்றான் துரைராஜ். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த டென்மார்க்கு பெரியவருக்கு சொல்லிட்டீங்களா சார்? அம்மா மெயிலு வர்லேன்னா பயந்துருவாரு" என்றான்.

ஸ்ரீரங்கனுக்கு முகம் சிவந்தது. டென்மார்க்! ரிப்பேர்க்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. ஷாகிராவுக்கும் தெரிந்திருக்கும், அந்தச் சிரிப்புக்கு வேறு காரணம் என்ன? தாலி கட்டினவனைத் தவிர ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்துக்கு அவர் நாலு மாதம் டைரியில் நேரம் குறித்துக்கொண்டிருந்திருக்கிறார். பெரியவர் என்கிறானே என்று மனசு ஒரு நொடி தடுக்கியது. வயசாவது ஒன்றாவது, அவர் பார்த்த கேஸ்களில் பாதிப்பேர் ரிடையராகப் போகிற சமயத்தில்தான் மாட்டினார்கள் என்று அதையும் தள்ளிவிட்டார். சொல்லிக்கலாம், நீ போ என்று துரைராஜை அனுப்பிவைத்தார்.

ஒன்பது மணிக்கு மதுவந்தி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். படியேறும்போதே அவள் அழுகை மேலே கேட்டது. ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். யாரோ தூக்கிவிட்டு முகம் கழுவக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும் வழியில் அவள் கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் போனாள். உறையை நீக்கிப் பார்த்தாள், கீபோர்டைத் தூக்கிப் பார்த்தாள், டிராயரைத் திறந்து மூடினாள். ஸ்ரீரங்கன் தூணில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவோட நோட்டு ஒண்ணு இங்க இருக்குமேப்பா?"

"என்ன நோட்டு? நான் பாக்கலை."

பொய் சரளமாக வந்தது. எதிராளி எதைத் தேடுகிறான் என்று தெரிந்தால் பாதிக் கேஸ் முடிந்த மாதிரி. ஆக, பெண்ணும் கூட்டு. அழுது வீங்கிய முகத்தோடு எதிரில் நிற்கிற ஒரே பெண்ணைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தார்.

பத்தரைக்கு அம்பி வாத்தியார் வந்துவிட்டார். பிள்ளை இல்லாத வீடு, ஆகவே ஆம்படையான்தான் கர்த்தா, போய் ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ என்று ஸ்ரீரங்கனை விரட்டினார். வேதவல்லிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை சுற்றியிருந்தார்கள். சுமங்கலியாகப் போயிட்டா, கொடுத்து வச்சவ என்று இரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டார்கள். அந்தப் புடவையை அவர் இதற்குமுன் பார்த்த ஞாபகமே இல்லை. எப்போது வாங்கினாள், யாருக்காகக் கட்டினாள் என்று அதையும் கணக்கில் சேர்த்தார்.

தர்ப்பையைக் கையில் மாட்டிவிட்டு வாத்தியார் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "கோத்ரம் நான் சொல்லிட்டேன். பேரை நீங்க வாய்விட்டுச் சொல்லணும்" என்றார்.

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வாத்தியார் துக்கத்தால் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டார். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஐந்தெழுத்துப் பெயர் அவர் நாக்குக்குப் பழக்கமே இல்லை, எங்கே தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் "வேதவல்லி" என்றார். வேறு யாரையோ கூப்பிட்டதுபோல இருந்தது. வாத்தியார் இன்னும் இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

வாய்க்கரிசி போடும்போது குனிந்தவருக்கு நிமிர மனசு வரவில்லை. கோபம் அடங்கவில்லை, அழுகையும் வந்தது. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பேன், நீ ஏதாவது சொல்லியிருப்பாய், நான் கத்தியிருப்பேன், மறுநாள் காலையில் எப்போதும்போல வந்து நின்றிருப்பாய் என்று மனசுக்குள் அவளோடு பேசினார். பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் நேரமாகிறது என்றார்கள். அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

மயானத்திலிருந்து திரும்பியபோது மணி இரண்டு. வழக்கப்படி வாசலிலேயே கால் கழுவி, உள்ளே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். மாற்று வேஷ்டி எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கதவைத் திறந்து பார்த்தார். புடவைகளும் போர்வைகளும்தான் இருந்தன. ஈர வேஷ்டியையே பிழிந்து சுற்றிக்கொண்டு வந்தார். உறவுக்காரர்கள் கீழே ஷாகிரா வீட்டுத் திண்ணைப்படிகளில் பஸ் நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் மதுவந்தி மட்டும் இருந்தாள்.

ஸ்ரீரங்கன் பையைத் திறந்து, டிபன் பாக்ஸை எடுத்து ஓரமாக வைத்து, நோட்டை அவள் முன்னால் போட்டார்.

"யார் இந்தக் கார்ஸ்டன்?"

மதுவந்தி நோட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். நீங்கதான் எடுத்து வச்சிருந்தேளா என்று கேட்கவில்லை. கேட்காததே கேட்டதுபோல இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். இன்டர்நெட்டில் பாஷை மாற்றிக்கொள்கிறவர்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது. எனக்கு இது தெரியும், எனக்கு அது வேண்டும் என்று எழுதிப்போட்டால் யாராவது பதில் போடுவார்கள். அம்மா அதில், தெரிந்தது தமிழ், வேண்டியது எந்தப் பாஷையானாலும் சரி என்று போட்டாளாம். டென்மார்க்கில் ஓடென்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு ரிடையரான தபால்காரர் பதில் போட்டார். அவருக்கு இலக்கணம் வேண்டாம். வாசல் கதவைச் சாத்தினபிறகு வீட்டுக்குள் ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், அதுதான் வேண்டும். வாரத்துக்கு ஒரு சந்தர்ப்பம், பத்து வாக்கியம், நடுவே தினமும் சந்தேகம் கேட்டு மெயில். மழை, காய்ச்சல், விருந்தாளி, சமையல் என்று போயிற்று. இவள் தமிழும் பக்கத்தில் இங்கிலீஷ் அர்த்தமும் அனுப்புவாள், அவர் அதையே தன் பாஷையில் அனுப்புவார். அவரிடமிருந்து வந்த போன வாரப் பாடத்தை நோட்டில் இடது பக்கமும், தான் அனுப்பப்போகிற புதுப் பாடத்தை வலது பக்கமும் அம்மா எழுதிப் பார்த்துக்கொள்வாள்.

"கதையெல்லாம் இருக்கட்டும். இதைப் படி" என்று அந்தப் பக்கத்தைத் தட்டினார். "அந்த ஆள் உங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு என்னெல்லாம் எழுதியிருக்கான் பாரு."

மதுவந்தி படித்தாள். இரண்டாவது வரியிலேயே முகம் மாறியது. பத்து வரியையும் முடித்துவிட்டு நோட்டை மூடினாள். பிறகு எழுந்துபோய் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினாள். கீச்சென்ற சத்தம் அடங்கி மெயில் பெட்டி திறப்பதற்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"இது அவர் எழுதினது இல்லைப்பா. அம்மா அவருக்கு அனுப்பினது. நேத்து மத்தியானம் ரெண்டேகாலுக்குப் போயிருக்கு."

"யார் பேசற மாதிரி?"

மதுவந்தி திரையைக் காட்டினாள். பதினாலாவது பாடத்துக்கு வேதவல்லி இங்கிலீஷில் தலைப்புக் கொடுத்திருந்தாள். ஆபீஸிலிருந்து வந்ததும் என் கணவர் என்னிடம் சொல்வது.

ஸ்ரீரங்கன் அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் சொல்வது அவருக்குத் தெரியும். 'ஃபேனைப் போடு.' 'தபால் வந்துதா?' 'யார் வந்துட்டுப் போனா?' பத்து வாக்கியத்துக்கு எங்கே போவாள்? மாடிப்படி இறங்கிப்போய் ஷாகிராவிடம் கேட்டிருக்கிறாள். ஷரீஃபின் டீயைக் காபியாக மாற்றியிருக்கிறாள். மற்றதை எந்தெந்த வீட்டில் கேட்டாளோ, அல்லது தானே மனசில் கட்டிக்கொண்டாளோ. எல்லாவற்றுக்கும் முன்னால் மறக்காமல் தன் பெயரைச் சேர்த்து, அவர் வாயில் வைத்துக் கடல் தாண்டி அனுப்பிவிட்டாள். நாலு மாதமாக அவர் விரட்டிப் பிடித்த ஆள் அவரேதான்.

பெட்டியில் புதிதாக ஒரு மெயில் வந்திருந்தது. நேற்று ராத்திரி கார்ஸ்டன் போட்டது. மதுவந்தி இங்கிலீஷை வாய்க்குள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். என் மனைவி பிர்கிட்டெ ஆறு வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். இன்று மாலையே அவளிடம் இரண்டாவது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், வேதா இருந்த இடத்தில் பிர்கிட்டெ போட்டுக்கொண்டேன். அர்த்தம் சொன்னதும் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். இனி தினமும் சொல்லப்போகிறேன். உங்கள் கணவருக்கு எங்கள் இரண்டு பேருடைய நன்றியையும் சொல்லுங்கள். அடுத்த வாரப் பாடம் கோபம். இவ்வளவு மென்மையாகப் பேசுகிற மனிதருக்குக் கோபமே வராதோ என்னவோ. வந்தால் என்ன சொல்வார்? ஒரே ஒரு வாக்கியமாவது அனுப்புங்கள்.

அவ்வளவுதான் இருந்தது. கீழே யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருக்குச் சொல்லியாகணும்பா, நான் எழுதட்டுமா, நீங்க எழுதறேளா என்று மதுவந்தி கேட்டாள். நீயே எழுது என்றார். அம்மா போனதை நாலு வரியில் அடித்துவிட்டு, உங்க பேரும் போடட்டுமா, அம்மாவோட ஆத்துக்காரர்னு என்றாள். அவர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம். அந்த ஆள் நன்றி சொல்லியிருக்கறது வேற யாருக்கோ." திரையில் கடைசி வரிமேல் விரலை வைத்தார். "ஒரு வாக்கியம் கேட்டிருக்காரே, அதை மாத்திரம் என் பேர்ல போடு. நான் சொல்றேன்."

"அப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"போடு."

மதுவந்தி விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டாள். அவர் சொன்னார். குரலில் கோபம் இல்லை, ஆபீஸில் ஸ்டெனோவுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"யாருடி அவன்? சொல்லித் தொலையேன், வாய் செத்தா போச்சு?"

அவள் அடித்தாள். அடித்துவிட்டு, திரும்பாமலே, "இதை எப்ப சொன்னேள்? அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

"நேத்திக்கு" என்றார் ஸ்ரீரங்கன். "ஏழு மணிக்கு."

மதுவந்தியின் கை அப்படியே நின்றது. அவர் வேஷ்டியிலிருந்து சொட்டிய ஈரம் நாற்காலிக்கு அடியில் தேங்கி, தரையில் கிடந்த டெலிபோன் ஒயரை நோக்கி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவள் குனிந்து, ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.